நடந்தால் தெரியும் பாதி

என் வீட்டுக்காரர் மாரிசாமி இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்தே சம்பாதித்தவர். சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணப் பந்தியில் வாளி தூக்கிப் பரிமாற பத்துப் பேர் இருந்தால், வாளி இல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு இலை வரிசைகளுக்கு நடுவே நடக்கிறவர் ஒருவர் இருப்பார். "எடது பக்கம் ஒம்பதாவது எலைக்குக் கூட்டு", "மூலையில பெரியவருக்கு ரசம்" என்று அவர் குரல் கொடுத்தால்தான் வாளிகள் நகரும். அந்த ஆள்தான் இவர். மைசூரில் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் சென்னப்பன் அண்ணன், இவர் இருக்கிற தைரியத்தில்தான் ஆயிரம் பேர் கல்யாணத்தைக்கூடத் தயங்காமல் ஒத்துக்கொள்வார். இருவருக்கும் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம்தான் சொந்த ஊர்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மாசி மாதம் ஒரு காலையில் இவருக்கு இடது கை மரத்துப்போய் காபி டம்ளர் நழுவியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். கை பழையபடி வந்துவிட்டது, பேச்சும் நன்றாகவே இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் இவருடைய சேட்டைகள் ஆரம்பித்தன. தோசையில் பாதியைத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு போடு" என்பார். மீதிப் பாதி தட்டிலேயே கிடக்கும். சவரம் செய்தால் வலது கன்னம் பளபளவென்றிருக்கும், இடது கன்னத்தில் நுரை காய்ந்திருக்கும். வாசல் நிலையில் தினமும் இடது தோளை இடித்துக்கொள்வார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தில் நாள் பூராவும் உட்கார்ந்து, கேட்காத காதுகளோடு கத்திவிட்டு வருகிறவள். வீட்டிலும் கத்தினேன்.

"ஏனுங்க, நாலு பேரு ஒடம்ப விசாரிச்சாங்கன்னு கொழந்தையாவே ஆயிட்டீங்களா? தட்டுல இருக்கறத மொதல்ல தின்னுங்க."

"எங்க இருக்குது?" என்பார். வம்புக்குக் கேட்கிறார் என்றே நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பங்குனியில் சென்னப்பன் அண்ணனின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். "இன்னிக்கு நீ உக்காரு மாரிசாமி, நாங்க போடறோம்" என்று அண்ணனே இவர் கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தார். தானே வாளி எடுத்துப் பரிமாறினார். எத்தனையோ வருஷமாக எந்த இலைக்கும் அவர் தன் கையால் பரிமாறியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து இரண்டு கவளம்கூட எடுத்திருக்க மாட்டேன். எதிர் வரிசையிலிருந்து இவர் குரல் கேட்டது.

"உப்பு வெக்கல. ஊறுகா வெக்கல. பொரியல் கண்ணுலயே காட்டல. இருவத்திரண்டு வருஷம் ஒழைச்சவனுக்கு வெறுஞ்சோறும் பாயாசமும் போதும்னு நெனச்சீங்களாண்ணா?"

சென்னப்பன் அண்ணன் வாளியோடு நின்றுவிட்டார். அதற்குள் இவர் இலையை மடித்தார். மடித்ததும் எப்படி? நல்ல காரியத்தில் இலையின் மேல்பாதியை நம் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில். ஊருக்கே பந்தி முறை சொல்லிக் கொடுத்த மனிதர், புதுவீட்டில், இலையைத் தன்னிலிருந்து வெளியே மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அண்ணனின் தங்கை உள்ளே போய் அழுதாள்.

நான் ஓடிப்போய் அந்த இலையைப் பிரித்தேன். இடது பக்கம் உப்பு இருந்தது, மாங்காய் ஊறுகாய் இருந்தது, பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்கு, பயத்தம்பருப்புக் கோசம்பரி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வலது பாதி மட்டும் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் தோசையும் கன்னமும் வாசல் நிலையும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கன்னடக்கார அம்மா, நிதானமாகப் பேசுகிறவர். அவர் இவருக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து, எந்தப் பக்கம் எத்தனை விரல் என்று கேட்டார். வலது பக்கம் காட்டியதையெல்லாம் இவர் சரியாகச் சொன்னார். இடது பக்கம் அந்த அம்மா ஐந்து விரலையும் அசைக்காமல் காட்டியபோது, "இன்னும் காட்டவே இல்லியே மேடம்" என்றார்.

டாக்டரம்மா என்னிடம் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இதுதான். கண் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கண் அனுப்புவதை வாங்கிப் பார்க்கும் மூளையில்தான் அடி. இடது பாதி உலகம் இவருக்கு இருட்டாகத் தெரியவில்லை. அப்படி ஒரு பாதி இருக்கிறதென்றே இவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் தலையைத் திருப்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. கொதிக்கிற சாம்பார் வாளிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற இடத்தில் இவர் இனிமேல் நடக்கக்கூடாது. காலையில் ரத்தக்கொதிப்புக்காக ஒரு மணி நேரம் உலாவட்டும், யாராவது இடது பக்கம் கூடப் போங்கள்.

சென்னப்பன் அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஒடம்பு சரியில்லாதவன், உடு அம்மணி" என்றார். குரலில் பசையே இல்லை. தங்கை அழுதது அவர் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

இவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்தால் பந்தியைத் தவிர வேறு பேச்சில்லை. "இந்நேரம் ரெண்டாவது பந்தி போயிட்டிருக்கும்" என்பார், கடிகாரம் பார்க்காமலே. நான் தட்டைப் பாதியில் திருப்பி வைப்பேன், மீதியையும் சாப்பிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மௌனத்துக்குப் பழைய சண்டைகள் எவ்வளவோ மேல். திரும்பவும் பந்திக்குள் நடக்க முடியாவிட்டால் இந்த மனுஷன் அந்த நாற்காலியிலேயே முடிந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் இருந்தது படுவாரஹள்ளியில். குக்கரஹள்ளி ஏரிக்கரை கூப்பிடு தூரம். காலை ஆறு மணிக்கு இவரை வலது பக்கம் விட்டு, நான் இடது பக்கம் காவல்காரி மாதிரி நடப்பேன். மண் பாதை, மரங்கள், காதில் மப்ளர் கட்டிய பேராசிரியர்கள். முதல் வாரம் இவர் தலையைக் குனிந்தபடியே நடந்தார். இரண்டாவது வாரம் கொஞ்சம் வேகம் வந்தது. ஒரு நாள் ஏரியின் பாதியைச் சுற்றியிருப்போம், திடீரென்று சொன்னார்.

"எதுக்கு மிலிட்டரிக்காரியாட்ட கைய வீசிட்டு வர்றே?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏன், கையக் கட்டிட்டு நடக்கோணுமா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் உறைத்தது. நான் இவருடைய இடது பக்கம் வந்துகொண்டிருக்கிறேன். இவர் தலையைத் திருப்பவே இல்லை.

நின்றுவிட்டேன். இவரும் நின்றார்.

"லதா? எங்க போயிட்டே?"

ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இங்கதாங்க இருக்கேன். நடங்க. நில்லாம நடங்க" என்றேன். பத்தடி நடந்திருப்போம். "இதா, இப்பத் தெரியற" என்றார். "மொகம் தெரியல. கலரும் தெரியல. நெழலாட்ட என்னமோ ஒண்ணு கூடவே வருது."

அன்று ஏரியை இரண்டு சுற்று சுற்றினோம். வழியில் இடது பக்கம் ஒரு கல் பெஞ்சு. நடந்தால் அது வருகிறது என்றார், நின்றால் போய்விடுகிறது என்றார். திரும்பிப் போய் மறுபடி நடந்து பார்த்தோம். மறுபடி வந்தது. எதிரே வந்த பேராசிரியர் ஒருவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே வந்தார். இவரை வராந்தாவில் நடக்கவிட்டு, இடது சுவரோரம் நர்ஸை நிற்க வைத்தும் நகர்த்தியும் பார்த்தார். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அசையாத பொருளைப் பார்க்க மூளையில் ஓர் இடம், அசைவைப் பார்க்க வேறோர் இடம். முதலாவது இவருக்கு அடிபட்டிருக்கிறது, இரண்டாவது பிழைத்திருக்கிறது போலிருக்கிறது. உட்கார்ந்திருந்தால் உலகம் அசையாது. நடந்தால் பெஞ்சு, மரம், சுவர் எல்லாமே கண்ணுக்குள் பின்னோக்கி ஓடும். அதோடு, நடக்கிறவரின் மூளை உட்கார்ந்திருப்பவரின் மூளையைவிட ஓரங்களைக் கூடுதலாகக் கவனிக்கிறதோ என்று தனக்கு ஒரு சந்தேகம், ஆனால் அதை உறுதியாகச் சொல்கிற அளவுக்கு யாருக்கும் தெரியாது என்றார்.

"அப்ப நான் பந்திக்குப் போலாமா மேடம்?" இவருக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"பார்வை திரும்பி வந்துடுச்சுன்னு நான் சொல்லலை. ஏதோ இருக்குன்னு மட்டும்தான் உங்களுக்குத் தெரியுது. தெரிஞ்சதும் தலையைத் திருப்பிப் பாக்கப் பழகணும். பழகினதுக்கப்புறம் வாங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

எங்கள் மகள் சௌம்யா அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பவள். மொட்டை மாடியில் இரண்டு வரிசையாகப் பழைய செய்தித்தாள்களை விரித்தது அவள்தான். ஒவ்வொரு தாளும் ஓர் இலை. கூழாங்கல் உப்பு, தீப்பெட்டி பொரியல், பாட்டில் மூடி ஊறுகாய், கவிழ்த்த கிண்ணம் சோறு. சில இலைகளில் வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்து வைப்போம். நடுவே இவர் நடந்து எதில் எது இல்லை என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் வலது வரிசையில் பத்துக்குப் பத்து. இடது வரிசையில் மூன்று. அதிலும் ஒன்று ஊகம்.

"நிக்க பேடப்பா" என்று கத்துவாள் சௌம்யா. "நடந்துக்கிட்டே இரு. ஏதோ ஓடுதுன்னு தோணினா தலைய திருப்பு. பாத்துட்டு ஆமேலே சொல்லு."

இவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. தலைவலி வந்துவிடும். சில நாள் தாளை எட்டி உதைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். நான் திட்டுவேன், அவர் திருப்பித் திட்டுவார். வீட்டில் சண்டைச் சத்தம் திரும்பவும் கேட்டதில் எனக்கு உள்ளூர அத்தனை சந்தோஷம். சித்திரை முடியும்போது இடது வரிசையில் ஆறு. ஆடிக்குள் எட்டு. இடையே நானும் சௌம்யாவும் எதிரும் புதிருமாகக் காலி வாளி தூக்கி நடந்தோம், இவர் எங்கள் மேல் மோதாமல் போகப் பழகினார். டாக்டரம்மா மறுபடி பார்த்து, வாளி தூக்காமல், ஒரே ஒரு பந்தி, கவனமாக என்றார்.

சென்னப்பன் அண்ணனிடம் கேட்க நானே போனேன். முதலில் அவர் தங்கை வீட்டுக்குப் போய், பிரித்த இலையில் நான் என்ன பார்த்தேன் என்று அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள்தான் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து, நடந்தால் தெரிகிறது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அதெப்புடி அம்மணி, நின்னாத் தெரியாதது நடந்தாத் தெரியும்? அவனுக்காக நீ பேசறே, பேசோணும்தான். என் கல்யாணம் கெட்டுதுன்னா?"

"ஒரு பந்திங்கண்ணா. கெட்டுதுன்னா அப்பறம் நான் வாயே தெறக்கமாட்டேன்."

"நீயா?" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் ஆவணியில் ஒரு கல்யாணம் கிடைத்தது.

சரஸ்வதிபுரம் பக்கம் ஒரு சத்திரம். பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு கன்னடம். பெண் வீட்டாருக்கு முதலில் சாம்பார், அப்புறம் ரசம். மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் சாறு என்கிற ரசம், அப்புறம்தான் ஹுளி என்கிற சாம்பார். தப்பி ஊற்றினால் சம்பந்தி சண்டை. நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வேலை ஒன்றுமில்லை, டம்ளர் துடைக்கிற மாதிரி ஒரு பாவனை.

இவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நடக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் இவருக்கு இடது பக்க வரிசையில். ஏழெட்டு இலை தாண்டியதும் தலை மெல்ல இடது பக்கம் திரும்பியது.

"எடது பக்கம் எட்டாவது எலைக்கு கோசம்பரி."

எட்டிப் பார்த்தேன். எட்டாவது இலையில் கோசம்பரி இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்து, "பன்னெண்டுல அம்மாவுக்கு உப்பு." அதுவும் சரி. அண்ணன் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது வலது வரிசையிலிருந்து ஒருவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பெண் வீட்டார் அழைத்த கன்னடக்காரர், இவரைப் பல கல்யாணங்களில் பார்த்தவர், "ஏனப்பா மாரிசாமி, உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேனே" என்று கன்னடத்தில் கேட்டார். பெரியவர் கேட்கும்போது நடந்துகொண்டே பதில் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. நின்றார். கும்பிட்டார். பேச்சு வளர்ந்தது. பேசி முடித்து இடது பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். அங்கே சாறு வாளியோடு ஓர் ஆள் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

வாளி ஆடியது. இவர் வேட்டியிலும் தரையிலும் சாறு கொட்டியது. யார் மேலும் படவில்லை. ஆனால் வரிசை முழுவதும் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது. முடிந்தது என்று நினைத்தேன். ஐந்து மாதப் பாடும் அந்தத் தரையிலேயே கொட்டிக் கிடந்த மாதிரி இருந்தது.

சென்னப்பன் அண்ணன் வந்தார். "என்னாச்சு?"

"நின்னுட்டேண்ணா" என்றார் இவர். சாக்குச் சொல்லவில்லை, அழவும் இல்லை. "பெரியவரு கேட்டாரு, நின்னுட்டேன். நின்னதும் இந்தப் பக்கம் போயிருச்சு."

அண்ணன் இவர் முகத்தையே பார்த்தார். பிறகு இடது வரிசையைப் பார்த்தார். பன்னிரண்டாவது இலை அம்மாவின் உப்பைப் பார்த்தாரோ என்னவோ.

"அப்பறம் எதுக்கு நிக்கறே?" என்றார். "நட."

இவர் நடந்தார். அண்ணன் ஹெட்மாஸ்டரிடம் போய்க் கைகூப்பி, "சார், அவன்கிட்டப் பேசணும்னா சாப்பிட்டதுக்கு அப்பறம் கூட நடந்துட்டே பேசுங்க, அவன நிக்க மட்டும் வெக்காதீங்க" என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னார். பரிமாறுகிற ஆட்களைக் கூப்பிட்டு அதையே இரண்டு தரம் சொன்னார். முதல் பந்தி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாருக்கும் ஹுளி முந்தவில்லை.

ஒரு பந்திதான் பேச்சு. இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போனார். யாரும் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. இலைகளை எடுத்து, மேசைகளைத் துடைத்து, இரண்டாவது பந்திக்கு இலை போட்டார்கள். "மாரிசாமி, எங்க போயிட்டே?" என்று அண்ணன் குரல் கேட்டது. இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி நடுவே நடந்தார்.

இரண்டாவது பந்தி பாதியில் அண்ணன் இவரிடம் ஏதோ சொல்ல வந்தார். பெருத்த உடம்பு, நாலடி நடந்தால் நாற்காலி தேடுகிறவர். வாய்திறக்கப் போனவர் சட்டென்று ஞாபகம் வந்து, இவருக்கு இடது பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டு, கூடவே நடக்கத் தொடங்கினார். கையைக்கூட வேண்டுமென்றே வீசினார்.

"பதினாலாந் தேதி நஞ்சன்கூட்டுல ஒரு கல்யாணம்" என்றார்.

"எத்தன பந்திங்கண்ணா?"

"மூணு."

"மூணாவது எலைக்குப் பொரியல்" என்று இவர் இடது பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அப்புறம் அண்ணனிடம், "வந்தர்றேன்" என்றார்.

துடைத்த டம்ளரையே நான் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. இருவரும் வரிசையின் கோடிவரை போய்த் திரும்பினார்கள். சென்னப்பன் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அவர் நிற்கவில்லை.